நாள்பட்ட வலியோடு வாழ்வோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை போதிய ஆளில்லாமல் கலைந்தது. பிசியோதெரபி வகுப்பும் தூக்கம் பற்றிய உரையும் வழக்கம்போல் நடந்தன.

அப்புறம், டாக்டரிடம் போகும்போது உறுப்பினர்கள் எழுதி எடுத்துப்போக நான் அச்சடித்த அந்தக் கேள்வித் தாள். அதை அச்சடித்தது வீண் செலவு என்று ஒரு பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் கூட்டங்களில் வலியைவிட டாக்டர்களைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். "ஸ்கேன் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் ஒரு பக்கம். வீட்டில் இருப்பவர்களே அவர்களைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். "முதுகெலும்பு டிஸ்க் தேய்ந்துவிட்டது, ஜாக்கிரதை" என்று கேட்டு வந்தவர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் குனியப் பயந்து, நடக்கப் பயந்து, படுத்தே கிடந்து வலியைக் கூட்டிக்கொண்டார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்ததாம். தலை நரைப்பது போலத்தான். இதை ஒரு டாக்டர் நிதானமாக விளக்கிச் சொன்ன பிறகு நம் உறுப்பினர் ஒருவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். வலி அப்படியேதான் இருக்கிறது என்கிறார். ஆனாலும் மாடி ஏறி எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார்.

வராதவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கமே 2020-இல் தன் வரையறையோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறது. செயலாளரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான்.

சரி, தாளுக்கு வருகிறேன். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று 1984-இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று 2002-இல் சுவிட்சர்லாந்தில் பார்த்தார்கள். சராசரி 92 விநாடி, அவ்வளவுதான். நம் செயற்குழுவில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 18 விநாடிக்குள் சொல்ல வேண்டியதைத்தான் தாளில் வைத்தேன். வலியால் எந்த வேலை நின்றுபோனது, எதை நினைத்துப் பயம், திரும்ப எதைச் செய்ய ஆசை என்று மூன்றே கேள்விகள். ஒரு டாக்டர் அதை மடித்து மேசை ஓரத்தில் வைத்தார், அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. மறைப்பானேன். இன்னொரு டாக்டர் பயம் என்ற வரியை மட்டும் படித்தார். "சக்கர நாற்காலிதான் கதி என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டு, அந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசினார். நான்கு வருடமாக அடுத்த ஸ்கேன், அடுத்த ஸ்கேன் என்று அலைந்த நம் உறுப்பினர் அதோடு ஸ்கேனை விட்டார். மாத்திரை மாறவில்லை. அடுத்த தேதி தந்து, இந்த வலி முழுதாகப் போகாமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் வந்துகொண்டிருங்கள் என்றாராம். இந்த வார்த்தைக்காகவே அச்சடித்தது தகும் என்பது என் கட்சி.

டாக்டரிடம் துணைக்குப் போகும் திட்டத்துக்கு ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். போனது நானும் பொருளாளரும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பெரிய இழுபறி இல்லை. அச்சுக்கூலியில் பாதி என் கைக்காசு. திருப்பிக் கேட்கவில்லை, பதிவில் இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குச் சந்தா நிலுவை. நினைவூட்டினால் "இன்று வலி அதிகம்" என்று பதில் வருகிறது. இதற்கு என்ன சொல்வது? கொள்கை நம்முடையதாயிற்றே.

உரையாற்ற வந்தவர்களுக்கும், கூடம் தந்தவர்களுக்கும், நாற்காலி எடுத்துப் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் மகிழ்ச்சி. என் முழங்காலும் அதையே சொல்கிறது. யாரும் வராவிட்டால், சரி, பார்ப்போம். தாள் இரண்டு கட்டு என் வீட்டில் மீதம் இருக்கிறது. வாங்க வருபவர்கள் கையோடு சந்தாவையும் கொண்டுவரலாம்.