பாப் செஞ்சுரி அறைக்குள் நுழையும் முன் படிக்க, அம்மாவிடமிருந்து

ஹலசூரு, பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

ஜூன் லீவுக்கு அட்லாண்டாவிலிருந்து காரிலேயே ஆர்லாண்டோ போகிறீர்கள், டிஸ்னியின் பாப் செஞ்சுரி ஹோட்டலில் புதுப்பித்த அறை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். கூடவே அத்தையும் வருகிறார்கள், பெரியவன், குட்டிப் பாப்பா எல்லாரும். ஐந்து பேர் ஒரே அறையில். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன். ஹவுஸ்கீப்பிங்காரர்கள் ஓர் அறையைப் பார்க்கிற மாதிரி நீயும் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியைத் திற.

அந்த ஹோட்டல் திறந்தது 2003 டிசம்பரில். அறைகளைப் புதுப்பித்தது 2017, 2018-ல். ஆகவே நேற்று பெயின்ட் அடித்த அறை என்று நினைத்துக்கொண்டு போகாதே. பொதுவாக ஹோட்டல்களில் திரைச்சீலை, மெத்தை, விரிப்பு போன்றவற்றை ஆறேழு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கட்டில், அலமாரி, பாத்ரூம் எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட வேண்டும். அதனால் புதுப்பித்த அறையிலும் கதவு உருளை தேய்ந்திருக்கலாம், பிளக் தளர்ந்திருக்கலாம். கட்டிலருகே இருக்கும் யூ.எஸ்.பி. துளைகள் அந்தக் காலத்துப் பெரிய வாய் உள்ளவை. இரண்டு முனையிலும் சி வகை இருக்கும் உன் புது போன் கேபிள் அதில் நுழையாது. பழைய கேபிள் இரண்டும், நாலு துளை உள்ள சார்ஜர் ஒன்றும் எடுத்துக்கொள்.

எவ்வளவு புதுப்பித்தாலும் சுவரைத் தள்ளிவைக்க முடியாது. அறை 260 சதுர அடிதான். நம் வீட்டு ஹாலைவிடக் கொஞ்சம் பெரிது, அதற்குள்ளேயே பாத்ரூமும் அடக்கம். கதவு உள்வராந்தாவில் திறக்காது, வெளி நடைபாதையில் திறக்கும். ஜன்னலும் அந்தப் பக்கம்தான். திரையை விலக்கினால் நடந்து போகிறவர்கள் கண்ணில் அறை முழுக்கப் படும். இரவு பதினொன்றுக்குப் பார்க்கிலிருந்து திரும்பும் கூட்டத்தின் சத்தமும் ஜன்னலடியில்தான் கேட்கும். லிப்டிலிருந்து தள்ளி, பக்கத்து அறையோடு இணைக்கும் நடுக்கதவு இல்லாத அறையாகக் கேள். அந்த நடுக்கதவு வழியாகப் பக்கத்து டி.வி. சத்தம் அப்படியே வரும். அப்படி ஓர் அறைதான் கிடைத்தால், ஒரு பெரிய டவலைச் சுருட்டிக் கதவின் அடியில் வை.

பிள்ளைகளிடம் இன்னொன்றை இப்போதே சொல்லிவிடு. வெளியே மாடி உயரத்துக்கு யோயோவும் ரூபிக்ஸ் கியூபும் பௌலிங் பின்களும் நிற்கும். உள்ளே வந்தால் வெள்ளைச் சுவர், மர நிறத் தரை, அடக்கமான அலங்காரம். அறை முழுக்க மிக்கி மவுஸ் இருக்கும் என்று பெரியவன் கனவு கண்டுகொண்டு வந்தால் ஏமாந்துபோவான்.

இப்போது முக்கியமான விஷயம், கட்டில். முன்பு இரண்டு டபுள் பெட் இருந்தது. இப்போது ஒரு குயின் கட்டில் நிலையாக இருக்கும். இன்னொரு குயின் கட்டில் சுவருக்குள் செங்குத்தாக மடிந்து நிற்கும். அதன் முன்னால் ஒரு மேசையும் நாற்காலிகளும். கட்டிலை இறக்கினால் மேசை அதற்கு அடியில் போய்விடும். பகலில் நடக்க இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் கட்டிலை இறக்கிவிட்டால் சாப்பிட மேசை கிடையாது. பாப்பாவின் பால் பாட்டில், மருந்து, சாவி, எல்லாவற்றையும் வைக்க வேறு இடம் பார்க்க வேண்டும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சாப்பாடு, பிறகு மேசையைச் சுத்தமாகக் காலி செய், நாற்காலிகளை நகர்த்து, கடைசியில் கட்டில்.

இறக்கும்போது கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் நேர் எதிரே நின்று, மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கொண்டு வா. பாதி வழிக்கு ஸ்பிரிங் எதிர்க்கும், பிறகு எடை தானாகக் கீழே இழுக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. விரல் நசுங்குவது கீல் பக்கத்தில்தான். கீழே வந்ததும் கட்டில் ஆடாமல் உறுதியாகப் பதிந்ததா என்று குனிந்து பார்த்த பிறகே உட்காருங்கள். காலையில் தூக்கும்போது போர்வை ஓரத்தில் தொங்கினால் கட்டில் சுவருக்குள் முழுசாகப் போகாது, பூட்டும் விழாது. போர்வையை உள்ளே செருகி, தலையணைகளை எடுத்துவிட்டுத் தூக்கு. தூக்கியதும் ஒருமுறை லேசாக இழுத்துப் பார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதே. நமக்கு மெத்தையை இழுத்துத் தரையில் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் பழக்கம் உண்டு. சுவர்க் கட்டிலில் அது ஆபத்து. மெத்தையின் எடையைக் கணக்குப் போட்டுத்தான் அந்த ஸ்பிரிங்கை முறுக்கி வைத்திருக்கிறார்கள். மெத்தையை எடுத்துவிட்டால் வெறும் சட்டம் வேகமாக மேலே எகிறும். குனிந்திருப்பவர் முகத்தில் அடிக்கும். தரையில் படுக்க வேண்டுமானால் வீட்டிலிருந்தே ஒரு மெல்லிய படுக்கையைக் காரில் போட்டுக்கொள்.

யார் எங்கே படுப்பது? அத்தைக்கு நிலையான கட்டில்தான், உன் மனைவியும் அதில். இரவில் எழுந்து பாத்ரூம் போகிறவர்கள் மடிப்புக் கட்டில் பக்கம் வேண்டாம். நீயும் பெரியவனும் மடிப்புக் கட்டிலில். அங்கே நாலு பேருக்கு மேல், மூன்று வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையைத் தொட்டிலில் விட அனுமதிப்பார்கள். பாப்பாவுக்கு அந்த மடக்குத் தொட்டிலை ஹோட்டலே தரும், முன்கூட்டிக் கேட்டு வை. அந்த மாதிரித் தொட்டில் ஏறக்குறைய 28 அங்குல அகலம், 40 அங்குல நீளம் இருக்கும். இரண்டு கட்டிலும் இறங்கிய பிறகு அதற்கு எங்கே இடம் என்பதைப் பகலிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடு. வாசல் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே வைக்காதே. நடுராத்திரி ஃபயர் அலாரம் அடித்தால் ஓடும் வழி அதுதான்.

பாத்ரூம் பற்றி அத்தையிடம் இப்போதே பேசு. தொட்டியை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்ட ஷவர் வைத்திருக்கிறார்கள். வாளி, மக்கு கிடையாது. கழிவறையில் ஹெல்த் ஃபாசெட் கிடையாது. தரையில் வடிகால் இல்லை, இதைத்தான் நம் ஆட்கள் மறந்துபோகிறார்கள். நம் ஊர் ரிசார்ட்டுகளில் எப்படி இருந்தாலும், பாப் செஞ்சுரியில் ஷவர் கூண்டுக்கு வெளியே ஊற்றும் ஒரு சொம்புத் தண்ணீருக்கும் போக வழியில்லை. அது கதவடி வழியாக அறைக்குள் வரும், பலகை இடுக்கில் இறங்கி ஓரம் உப்பும், கீழ்மாடிக் கூரையிலும் கறை விழும். கால் கழுவுவதும் ஷவருக்குள்ளேயே நடக்கட்டும். மடிக்கும் ரப்பர் வாளி ஒன்று, பிளாஸ்டிக் மக்கு ஒன்று, பிழிந்தால் தண்ணீர் பீய்ச்சும் பாட்டில் இரண்டு, இவற்றை மறக்காதே. பாப்பாவை வாளித் தண்ணீரில் குளிப்பாட்டலாம், ஆனால் வாளியும் கூண்டுக்குள் இருக்கட்டும்.

ஷவர் கதவு பக்கவாட்டில் நகரும் இரட்டைக் கண்ணாடி. உள்பக்கக் கண்ணாடி எது என்று பார்த்து, அது ஷவர் தலைக்கு நேராக வரும்படி தள்ளி வைத்தால் தண்ணீர் வெளியே தெறிக்காது. மாறி நின்றால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் வழியும். அதற்கு மேலும் கசிந்தால் அடியில் இருக்கும் சிலிகான் பட்டை விட்டுப் போயிருக்கும், உடனே சொல்லி அனுப்பு. முதல் நாளே இரண்டு நிமிஷம் ஷவரைத் திறந்து விட்டுப் பார். தண்ணீர் கணுக்கால் வரை தேங்கினால் வடிகாலில் முடி அடைத்திருக்கிறது. ராத்திரி சொன்னால் காத்திருக்க வேண்டும், மாலை நாலு மணிக்குச் சொன்னால் ஆள் வருவான்.

அத்தையின் முழங்காலுக்கு ஷவர் படியைத் தாண்டுவது சிரமம். படியே இல்லாத ஷவரும் பிடிமானக் கம்பியும் உள்ள அறைகள் தனியாக உண்டு. ஆன்லைனில் குறிப்பு எழுதினால் போதும் என்று விட்டுவிடாதே, போனில் பேசி உறுதி செய். கிடைக்காவிட்டால் ஷவருக்குள் போடும் பிளாஸ்டிக் ஸ்டூலைக் காரிலேயே எடுத்துப் போ.

கை கழுவும் தொட்டி பாத்ரூமுக்கு வெளியே, தனி ஒதுக்கில் இருக்கும். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பல் தேய்க்கலாம். ஐந்து பேருக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி, காலையில் அரை மணி நேரம் மிச்சமாகும். இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

கார்ப்பெட்டை எடுத்துவிட்டு மரம் மாதிரித் தெரியும் பலகைத் தரை போட்டிருக்கிறார்கள். ஃப்ளோரிடா ஈரத்துக்கு அது நல்லது. கார்ப்பெட்டில் பூஞ்சை வாடை பிடிக்கும், கொட்டிய பால் உள்ளேயே தங்கும். தும்மல்காரனான பெரியவனுக்கு இதுவே மேல். ஆனால் மேல்மாடியில் நாற்காலி இழுத்தால் கீழே கேட்கும், உங்கள் வீட்டுப் பிள்ளை குதித்தாலும் அப்படித்தான். கட்டடம் நாலு மாடி. சத்தம் பொறுக்காது என்றால் மேல்தளம் கேள், லிப்ட் இருக்கிறது. நீச்சல் குளத்திலிருந்து ஈரக் காலோடு வந்தால் வழுக்கும். வாசலில் ஒரு பழைய டவலை விரித்து வை. ஏ.சி. ஓடும்போது கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள். வெளி ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு வியர்த்துவிடும், அதிலும் வழுக்கும். அத்தைக்கு அடியில் ரப்பர் பிடிப்புள்ள வீட்டுச் செருப்பு வேண்டும்.

பெட்டிகளுக்குக் கட்டிலுக்கடியில் இடம் விட்டிருக்கிறார்கள், அலமாரி இடம் குறைவு. நிலையான கட்டிலுக்கடியில்தான் வைக்க முடியும், மடிப்புக் கட்டிலுக்கடியில் மேசை இருக்கும். கடினமான பெரிய பெட்டியைவிடத் துணிப் பைகள் சுலபமாக நுழையும். ஆளுக்கு ஒரு பை.

அறைக்கு மாலை மூன்று மணிக்கு உரிமை, கடைசி நாள் பகல் பதினொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். உள்ளே போனதும் பெட்டிகளை ஷவருக்குள் நிறுத்திவிட்டு, போன் விளக்கோடு மூட்டைப்பூச்சி பார். நிலையான கட்டிலின் தலைமாட்டு இரண்டு மூலையிலும் விரிப்பைத் தூக்கி, மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா பார். மடிப்புக் கட்டிலை இறக்கி, கீல் ஓரத்து இடுக்கையும் பார். புது மரச்சாமான் என்றால் பூச்சி வராது என்றில்லை, அது வருவது விருந்தாளிகளின் பெட்டியோடு. ஒரு புள்ளி பார்த்தாலும் அதே பிளாக்கில் பக்கத்து அறையை வாங்காதே, வேறு கட்டடம் கேள். அப்புறம் ஏ.சி.யைப் போட்டுக் காற்று குளிர்ந்து வருகிறதா, ஃப்ரிட்ஜ் குளிர்கிறதா, லாக்கர் திறந்து மூடுகிறதா. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏதாவது சரியில்லை என்றால் பையைப் பிரிப்பதற்கு முன்பே ரிசப்ஷனில் சொல். பிரித்துப் பரப்பிய பிறகு அறை மாற்றுவது உங்களுக்கும் பாடு, அவர்களுக்கும் பாடு.

அறையில் காபி மேக்கர் உண்டு, கெட்டில் இல்லை. காபி மேக்கர் வெந்நீரில் காபி வாடை இருக்கும். பாப்பாவின் பாலுக்கு வேண்டுமானால் வெறும் தண்ணீரை இரண்டுமுறை ஓடவிட்டுக் கொட்டிய பிறகு எடு. அத்தை இங்கிருந்து கொண்டு வந்த கெட்டிலை நம்பாதே. 230 வோல்ட்டுக்குச் செய்தது அங்கே 120 வோல்ட்டில் கால் பங்கு பலத்தில்தான் வேலை செய்யும். 1500 வாட் கெட்டில் 400 வாட் ஆகிவிடும், தண்ணீர் கொதிப்பதற்குள் குழந்தை அழுது தூங்கிவிடும். அங்கேயே ஒன்று வாங்கு. ரைஸ் குக்கர் வேண்டாம், ஆவி புகை அலாரத்தைக் கிளப்பிவிடும். புளியோதரை, சப்பாத்தி, ஊறுகாய் கட்டிக்கொண்டு போனால் இரண்டு வேளை தாங்கும். தயிர் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். சூடு செய்ய மைக்ரோவேவ் கீழே உணவுக்கூடத்தில்.

வாசலில் மாட்டும் அட்டையை நம்பி அத்தை நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆள் இருப்பதாகத் தெரிவிக்கிற அட்டைதான் அது, ஹோட்டல் ஆட்கள் தட்டிவிட்டு உள்ளே வருவார்கள். உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு குளிக்கச் சொல்.

எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்ற இரண்டு டிஸ்னி பார்க்குகளுக்கும் ஸ்கைலைனர் என்ற தொங்கு வண்டி 2019 முதல் ஓடுகிறது, ஹோட்டலை ஒட்டிய ஏரிப் பாலத்தில் நிலையம். ஜூன் மாத மதியத்தில் இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். அத்தையோடு திரும்பும் நேரத்தில் வானம் கறுத்தால் காத்திருக்காமல் பஸ்ஸைப் பிடி.

கிளம்பும் அன்று மடிப்புக் கட்டிலைச் சுவருக்குள் தூக்கிவிட்டு அப்படியே போகாதே. பொம்மையும் சாக்ஸும் சார்ஜரும் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து தெரியாது. கடைசியாக ஒருமுறை இறக்கி, தலைமாட்டு இடுக்கில் கைவிட்டுத் துழாவிவிட்டு, பிறகு சாவியைக் கொடு.

அன்புடன்,
அம்மா