வோல்ற்றை மட்டுமல்ல, ஹேர்ட்ஸையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருகோணமலையில் ஜெனரேட்டர் வாங்குகிறவர்களும் வெளிநாட்டிலிருந்து மின்சாமான் கொண்டுவருகிறவர்களும் “230 வோல்ற்றுக்குச் சரிதானே?” என்று மட்டுமே கேட்கிறார்கள். மின்சாரம் செக்கனுக்கு எத்தனை முழுச் சுற்று சுற்றுகிறது என்பதைச் சொல்லும் மீடிறனை (அதன் அலகுதான் ஹேர்ட்ஸ்) விசாரிப்பவர் அரிது. வோல்ற்று சரியாக இருந்தும் மோட்டர் கருகும்போது மீடிறனையும் சந்தேகிக்க வேண்டும்.

இலங்கையின் ஆடலோட்டம் (திசை மாறி மாறிப் பாயும் ஏசி மின்சாரம்) 50 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 50 முழுச் சுற்று. ஒரு சுற்றுக்கான ஆவர்த்தன காலம் 1-ஐ 50-ஆல் வகுத்தால் வரும் 0.02 செக்கன், அதாவது 20 மில்லிசெக்கன். இதில் பாதி நேரம் ஒரு திசை, மறுபாதி எதிர்த்திசை. 60 ஹேர்ட்ஸில் முழுச் சுற்றே 16.7 மில்லிசெக்கன்தான். உயர்தர மாணவர் எவரும் இந்த வகுத்தலைச் செய்துவிடுவார். மோட்டருக்குள் அது என்ன செய்கிறது என்பதைத்தான் பாடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 60 ஹேர்ட்ஸ் மோட்டரில் வோல்ற்று ஒரு திசையில் 8.3 மில்லிசெக்கன் தள்ளும். அதே மோட்டரை இங்கே கொழுவினால் 10 மில்லிசெக்கன் தள்ளும். கூடுதல் நேரம் தள்ளுவதால் மோட்டரின் இரும்பில் காந்தப்பாயம் (இரும்பு தாங்கும் காந்தத்தின் அளவு) கூடுகிறது. இரும்பு காந்தத்தால் நிரம்பிய பிறகு மின்னோட்டம் மட்டும் ஏறி, சுருள் சூடாகிறது.

வளைகுடாவில் கட்டார், குவைத், ஓமான், ஐக்கிய அரபு இராச்சியம் எல்லாம் 50 ஹேர்ட்ஸ். சவூதி அரேபியா மட்டும் 60. 220 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் என்று பொறித்த சவூதி பிரிட்ஜையோ பம்பையோ இங்கே ஓட்டினால், காந்தப்பாயத்தைத் தீர்மானிக்கும், வோல்ற்றை ஹேர்ட்ஸால் வகுத்து வரும் அளவு 3.67-இலிருந்து 4.6-ஆகிறது. காற்பங்கு கூடுதல். நான்கு துருவ மோட்டரின் ஒத்தியங்கு வேகமோ (மீடிறன் தீர்மானிக்கும் காந்தச் சுழற்சி வேகம்) நிமிடத்துக்கு 1800-இலிருந்து 1500-ஆகக் குறையும். அதன் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றும். சூடு கூடும்போது காற்று குறைகிறது. பம்பின் ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு குறைவதால், அங்கே 20 மீற்றர் ஏற்றியது இங்கே 14 மீற்றரோடு நின்றுவிடும். நிலாவெளி, குச்சவெளித் தோட்டக் கிணறுகளுக்கு இப்படியொரு பம்பை வாங்குவது வீண்.

ஜப்பான் பழைய சாமான்களில் இன்னொரு சிக்கல். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. தோக்கியோ பக்கம் 50 ஹேர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை இறக்கும், மீடிறனைத் தொடாது. தகட்டில் 50/60 என்றிருந்தால் வாங்கலாம். 60 மட்டும் இருந்தால், மோட்டர் உள்ள எதையும் விட்டுவிடுவதே நல்லது. போன் சார்ஜர், மடிக்கணினி அடப்டர் போன்றவை முதலில் நேரோட்டமாக (டிசி) மாற்றிக்கொள்வதால் அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

இனி ஜெனரேட்டர். சாதாரண பெற்றோல் ஜெனரேட்டரில் இரு துருவம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் 50 ஹேர்ட்ஸ். (இன்வேர்ட்டர் வகைக்கு இது பொருந்தாது.) பெற்றோல் மிச்சமாகும் என்று சிலர் வேகத்தைக் குறைத்து வைக்கிறார்கள். 2700-இல் அது 45 ஹேர்ட்ஸ். ஏவிஆர் (வோல்ற்றைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) பூட்டிய ஜெனரேட்டரில் வோல்ற்று அப்போதும் 230-ஐ ஒட்டியே நிற்கக்கூடும். பார்க்கிறவருக்குக் குறை தெரியாது, பிரிட்ஜ் கொம்பிரசர் மட்டும் கொதிக்கும். வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டுவதும் பிழை: 55 ஹேர்ட்ஸில் பம்ப் இழுக்கும் வலு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

ஹேர்ட்ஸ் காட்டும் மல்டிமீற்றர் ஒன்று போதும். எதையும் கொழுவாமல் ஓடவிட்டால் 52 அளவில் நிற்க வேண்டும். வழக்கமான சுமை முழுவதையும் போட்டுப் பாருங்கள். 49-க்குக் கீழே இறங்கினால் முதலில் எயார் பில்டர், பிறகு காபரேட்டர் ஜெற், அதன்பின் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஸ்பிரிங் என்ற வரிசையில் பாருங்கள். கடற்காற்றில் கவர்னர் கம்பி துருப்பிடித்து இறுகினால் வேகம் ஏறி இறங்கி ஆடும். எல்லாம் சுத்தம் என்ற பிறகே மெக்கானிக் கவர்னர் திருகில் கைவைக்க வேண்டும். மீற்றர் 100, 150 என்று காட்டினால் பதறாதீர்கள். அலைவடிவம் கெட்டிருப்பதால் மீற்றர் தவறாக எண்ணுகிறது.

ஜெனரேட்டர் ஓடும்போதும் யூபிஎஸ் பற்றரியிலேயே நின்று சற்று நேரத்தில் அணைந்துவிடுகிறது என்ற முறைப்பாட்டுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மீடிறன் தன் எல்லைக்குள் நிற்காவிட்டால் யூபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்காது. பற்றரியை மாற்றுமுன் ஹேர்ட்ஸை அளந்துவிடுங்கள்.

நாட்டின் பெரிய மின்கட்டமைப்பும் இதே விதிக்குள்தான். சுமைக்கு உற்பத்தி ஈடுகொடுக்காவிட்டால் மின்நிலையச் சுழலிகள் தளர்ந்து மீடிறன் விழும். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு பகல் பாணந்துறை உபமின் நிலையத்தில் கோளாறு ஏற்பட்டு நாடு முழுவதும் இருண்டது. சூரிய மின்சாரம் மிகுந்து, பாரமான சுழலிகள் குறைவாக ஓடிய நேரம் அது. மீடிறன் விழுவதைத் தாமதப்படுத்தும் சுழலிகளின் சடத்துவம் அப்போது போதவில்லை.

நகரிலுள்ள விற்பனையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பற்றுச்சீட்டில் வோல்ற்றுக்குப் பக்கத்தில் ஹேர்ட்ஸையும் எழுதுங்கள். ஜெனரேட்டரை ஒரு பல்பைக் கொழுவிக் காட்டாமல், முழுச் சுமையில் மீற்றரோடு ஓட்டிக் காட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மின்னியல் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.