பெரம்பூர் ஜெராக்ஸ் கடை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெல்டர் வேலை உறுதியாகி, முதல் சம்பளமும் வந்துவிட்டது. பட்ட பாடு உங்களுக்கே தெரியும். மறுபடி கிளற மனமில்லை.

காப்பகத்தில் படுக்க இடம் தந்தவர்கள், 18 வயதில் குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறியவர்கள் 21 வயது வரை பின்காப்பு உதவி (வெளியே வந்தபின் தரும் ஆதரவு) கேட்கச் சட்டத்தில் வழியுண்டு என்று சொல்லி மனுவும் எழுதித் தந்த சார், ஐ.டி.ஐ.யில் தன் கையுறையையே கழற்றித் தந்த ஆசிரியர், பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் இந்த ஊரில் இரண்டு மாதத்தோடு விட்ட வீட்டுக்காரர், உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. தனித்தனியாக எழுதுவேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்கட்டும்.

இன்று ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு.

மேலே படிக்கும் பையன்களுக்கான அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு முகவரி வேண்டும். காப்பகத்தின் பெயரைச் சொன்னதும் கவுன்ட்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். மற்ற தாள்களை நகலெடுக்கப் போன இடத்தில் அக்கா படிவத்தில் முகவரி எழுதாத காலி இடத்தைக் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, மே/பா (மேற்பார்வை, அதாவது c/o) போட்டு, தன் வீட்டு முகவரியை எழுதினார். "தபால் வந்தால் வாங்கி வைக்கிறேன். நகலுக்கு நாலு ரூபாய்" என்றார்.

அந்த நாலு ரூபாயை அவர் விடவில்லை. விட்டிருந்தால் கூச்சத்தில் மறுபடி அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். ஏ.டி.எம். அட்டை முதல் வேலைக்கான உத்தரவு வரை எல்லாமே அவருடைய லேமினேஷன் மெஷினுக்கு அடியில்தான் எனக்காகக் காத்திருந்தன.

பசித்தவனுக்குச் சோறு போட நம் ஊரில் ஆள் உண்டு. ஆனால் ஊர் பேர் தெரியாத பையனின் பெயரோடு தன் கதவு எண்ணைச் சேர்த்து எழுத எத்தனை பேர் துணிவார்கள்? நாளைக்குப் போலீஸோ கடன்காரனோ வந்தாலும் அந்தக் கதவைத்தானே தட்டுவார்கள்?

காப்பகத்தில் இருக்கும் தம்பிகளே, முகவரி இல்லாமல் எந்தப் படிவமாவது நின்றுபோனால் மே/பா என்று என் பெயரை எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். தபால்காரர் மதியம் வருவார். நான் ஷிஃப்டில் இருந்தால் கீழ்வீட்டு அம்மா வாங்கி வைப்பார்.