நிலவு மண் தோண்டும் போட்டி: ஞாயிறு கலந்துரையாடல்

நண்பர்களே, ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழு அழைப்பில், மாணவர்களுக்கு நாசா நடத்தும் ‘லூனபாட்டிக்ஸ்’ போட்டி பற்றிப் பேசுகிறோம். நிலவு மண்ணைத் தோண்டும் ரோபோ வண்டியை மாணவர்களே செய்து இயக்க வேண்டும். 2010-இல் புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் தொடங்கியது. களத்தில் நிலவு மண்ணுக்குப் பதிலாகக் கொட்டியிருப்பது எரிமலைப் பாறைத் தூள். முகப் பவுடர் போலப் பறந்து, வண்டியின் பேரிங்குக்குள்ளும் புகுந்துவிடும்.

தோண்டுவதுதானே என்று நினைக்காதீர்கள். நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான்; வாளி மண்ணில் இறங்குவதற்குள் வண்டியே எழும்பிவிடும். நாசாவின் ‘ராசர்’ என்ற தோண்டும் ரோபோ கண்ட வழி அழகு: முன்னும் பின்னும் மண் அள்ளும் உருளைகள் எதிரெதிராகச் சுழல, ஒன்றின் இழுப்பை மற்றொன்று ஈடுகட்டுகிறது.

லூனபாட்டிக்ஸ் தொடங்கும் முன், 2009-இல் நாசாவின் வேறொரு தோண்டும் போட்டியில் அமெரிக்காவின் ஊஸ்டர் பாலிடெக்னிக் கல்லூரி மாணவர் குழு அரை மணி நேரத்தில் 400 கிலோவுக்கும் மேல் போலி நிலவு மண்ணை அள்ளி, 5 லட்சம் டாலர் வென்றது.

பேசாதபோது மைக்கை அணைத்துவையுங்கள். போன முறை யார் வீட்டுக் குக்கரோ ஐந்து விசில் அடித்தது.