நகராட்சி வாசலைக் காலியாக விடுங்கள்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம். நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 22 வருஷமாக உங்கள் வாசலைப் பார்த்தபடிதான் என் பிழைப்பு ஓடுகிறது. போன வாரம் டேப்போடு ஆட்கள் வந்து சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டார்கள். கேட்டதற்கு, முன்னால் இருக்கும் திடலைப் பெரிதாக்கிப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்றார்கள். நீரூற்று வருமாம், ஊர்ப்பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் நிறுத்தி உள்ளே விளக்குப் போடுவார்களாம், தரை முழுக்க பேவர் பிளாக்காம். கோடு மதிலைத் தாண்டி, பூக்காரம்மா கூடை வைக்கிற இடத்தையும் இளநீர் வண்டியையும் வளைத்துக்கொண்டு போயிருந்தது.

வாசலைச் சீர்செய்வது நல்ல காரியம். இடம் போதவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் காரை வெளியே விட்டுவிட்டு உள்ளே நடந்து பாருங்கள். ஓடாத லாரி இரண்டு. கழிவுநீர் உறிஞ்சும் வண்டி ஒன்று, டயர் மண்ணுக்குள் இறங்கி, அதன்மேல் கோவைக்கொடி படர்ந்து பழமே பழுத்திருக்கிறது. போர்ட்டிகோ வரை கார்கள். அவற்றுக்குப் பின்னால் பேட்டரி செத்த குப்பை வண்டிகள், பறிமுதல் பண்ணிய தள்ளுவண்டிகள், உடைந்த சின்டெக்ஸ் தொட்டிகள். இவற்றை உதவாதவை என்று கழித்து ஏலம் விட்டாலே பாதி இடம் வந்துவிடும். மதிலை எடுத்தால் மீதியும் வந்துவிடும். பூக்காரம்மாவை எழுப்ப வேண்டியதே இல்லை. எழுப்பவும் முடியாது. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அந்தச் சட்டப்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நாலு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். ஆக்கிரமிப்பு என்று பார்த்தால் என் கடைத் தகரமே இரண்டடி வெளியே நீண்டிருக்கிறது. அதை முதலில் வெட்டுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அந்தத் தகரத்தின் கீழே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஏப்ரல் முடிவதற்குள் சொத்துவரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதனால் சித்திரை வெயிலில்தான் ஊரே உங்கள் வாசலுக்கு வருகிறது. இந்த வருஷம் ஒருநாள் பதினொரு மணிக்கு வரி வசூல் கவுன்டர் வரிசையை எண்ணினேன். ஆள் நாலு பேர். அவர்களுக்குப் பின்னால் ஒன்பது ஜோடி செருப்பு, இரண்டு மஞ்சப்பை, பழைய ரசீது பறக்காமல் இருக்க ஒரு செங்கல். செருப்புக்குச் சொந்தக்காரர்கள் என் தகரத்துக்கும் டீக்கடைப் பந்தலுக்கும் வந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு வெறுங்காலோடு தார் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். "காலு கொப்புளிச்சாலும் கொப்புளிக்கட்டும் தம்பி, முறை போயிடக் கூடாது" என்றார்.

வரிசை நிற்கிற இடத்தில் முன்பு ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. மனு எழுதிக் கொடுக்கிறவர் அதன் தூரில்தான் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது அது சாய்ந்தது. டெல்டா முழுக்க அப்படி எத்தனையோ சாய்ந்தன, மரத்தைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு புங்கன் நட்டிருந்தால் இன்றைக்கு அந்தப் பெரியவருக்கு நிழல் கிடைத்திருக்கும். மிச்சமிருக்கும் வேம்பையும் அடிமரம் வரை சிமென்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறீர்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது மண் இருக்க வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே டெல்லிக்குச் சொன்னது. நம் ஊர் வேம்புக்கும் வேர் வேர்தான்.

அடுத்தது தண்ணீர். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உங்கள் வாசல் ஏறக்குறைய அரை ஏக்கர், அதாவது 2,000 சதுர மீட்டர். ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது நமக்குப் புதிதல்ல. பெய்தால் அந்த இடத்தில் மட்டும் 2 லட்சம் லிட்டர் விழும். நம்முடையது களிமண், உறிஞ்சுவதும் மெதுவாகத்தான். அதன்மேல் சிமென்ட் கலவை கொட்டி பேவர் பிளாக் பதித்தால் மொத்தமும் எங்கே ஓடும்? பழைய தளத்தைத் தோண்டி எடுக்காமல் மேலேயே பதித்தால் அரையடி ஏறும். ஏற்கெனவே ரோடு போட்டுப் போட்டு என் கடை இரண்டு படி கீழே போய்விட்டது. சுரண்டிவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். உங்கள் வாசலுக்கும் அதையே செய்யுங்கள். தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்துத் தண்ணீரைத் தரைக்கடியிலேயே அய்யன்குளம் வரை கொண்டுபோனவர்கள் நம் ஆட்கள்தான். இங்கே பின்பக்கம் குளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு வாய்க்கால் எடுத்துவிட்டால் போதும்.

நீரூற்று மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் ஆடும், பிறகு மோட்டார் ரிப்பேர், பிறகு பாசி. கொசு ஒழிப்புப் பணியாளர்களை வீடுவீடாக அனுப்பித் தொட்டியில் கொசுப்புழு தேடுகிறீர்கள். அவர்கள் காலையில் கிளம்புவதே உங்கள் வாசலிலிருந்துதான். போகிறபோக்கில் அதையும் எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் வெறிச்சென்று இருக்குமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். திருவாரூர் போயிருப்பீர்கள். 96 அடி உயரம், 300 டன் எடை ஆழித்தேர். அது திரும்புவதற்காகத்தான் அங்கே வீதிக்கு அவ்வளவு அகலம். வருஷத்தில் ஓரிரு நாள் ஓடுகிற தேருக்காக மற்ற நாளெல்லாம் அந்த இடத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். அதனால் அது சும்மா கிடக்கிறதா? பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள், சாயங்காலம் பெரியவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். அறுப்புக் காலத்தில் மட்டும் நெல் கொட்டுகிற களத்துமேட்டில் மற்ற நாளெல்லாம் கபடி நடக்கிறதே, அதைப்போலத்தான் இதுவும். உங்கள் வாசலையும் அப்படி விடுங்கள். நாலு மரம், நீள நீளமாகத் திண்ணை, குடிநீர்க் குழாய், பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிவறை. அதிகாலை ஐந்தரைக்கு வருகைப் பதிவுக்கு வந்து பனியில் குந்தியிருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு ஒரு கூரை. படியோரம் இருக்கிற சாய்தளத்தில் சக்கர நாற்காலியை இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்ற முடிகிறது. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். அதற்கும் இடம் ஒதுக்குங்கள். இவ்வளவு போதும்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நம் வார்டிலும் ஏரியா சபை கூட்டினீர்கள். நானும் வந்திருந்தேன், அன்று தெருவிளக்கு பற்றித்தான் பேச்சு. வேலை தொடங்குவதற்கு முன்னால் எல்லா வார்டிலும் அப்படி ஒருமுறை கூட்டி, வரைபடத்தை விரித்து வையுங்கள். பூக்காரம்மாவும் மனு எழுதுகிறவரும் அதில் தங்கள் இடம் எது என்று விரல் வைத்துக் காட்டட்டும்.

வரைபடம் ஒன்றே ஒன்று கொடுத்தனுப்பினால் போதும். எல்லா வார்டுக்கும் பெரிய தாளில் நான் எடுத்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
எதிர்க்கடைக்காரன்