ஒரே படத்துக்கு எதற்கு ஐந்து டிஸ்க்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய படங்களைப் பெட்டி கட்டி விற்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஒரே படத்துக்கு எதற்கு ஐந்து டிஸ்க்?' என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். ரீகல் டாக்கீஸில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்தவன் நான். அப்படி ஒரு பெட்டி 15 வருடத்துக்கு மேலாக என் பீரோவில் இருக்கிறது.

ரிட்லி ஸ்காட் இயக்கி 1982-இல் வந்த 'பிளேடு ரன்னர்' என்ற விஞ்ஞானக் கற்பனைப் படத்தின் 2007 பதிப்பு அது. மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார். பார்க்க சூட்கேஸ்தான். திறந்தால் பறக்கும் கார் பொம்மை, தாளை மடித்துச் செய்தது போல ஒற்றைக் கொம்புக் குதிரை. "கொலுவுக்கு ஆச்சு" என்றாள் மனைவி. டிஸ்க்கைப் போட்டால் ஓடவில்லை. அமெரிக்க டிவிடிக்கு மண்டல எண் 1, நம் பிளேயருக்கு 5; இரண்டும் பொருந்தினால்தான் ஓடும். மீனாட்சி பஜார் கடைக்காரர் ஒருவர் ரிமோட்டில் நாலைந்து எண்களைத் தட்டிச் சரிசெய்தார்; காசுகூட வாங்கவில்லை.

பொம்மைகள் வீண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருப்பது ஒரே படம் இல்லை. அதன் ஐந்து வடிவங்கள். கூடவே மூன்றரை மணி நேர ஆவணப்படம். ஜனங்களுக்குப் புரியாது என்று பயந்து 1982-இல் கதாநாயகன் ஹாரிசன் ஃபோர்டைப் பின்னணியில் விளக்கம் பேசவைத்தார்கள், முடிவையும் சுபமாக்கினார்கள். அந்தச் சுப முடிவில் வரும் மலைக்காட்சிகள் குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்துக்கு எடுத்து மிஞ்சியவை. அங்கேயும் பழைய குழம்பைச் சுடவைத்துத்தான் பரிமாறியிருக்கிறார்கள்! 1992 வடிவத்தில் பின்னணிப் பேச்சு, சுப முடிவு இரண்டையும் தூக்கிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அந்தப் புறா. ராத்திரி, கொட்டும் மழை, வில்லனாக வரும் ரட்கர் ஹவர் உயிர் விடுகிறார். அவர் கையிலிருந்த புறா பறக்கிறது. 1982-இல் அது பறந்துபோவது பட்டப்பகல் நீல வானத்தில்! 2007-இல் வானத்தை இருட்டாக்கிவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகன், "அப்பா, மறுபடி போடுங்க" என்று மூன்று தடவை பார்த்தான். திருத்திய பிறகும் பழைய தப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஐந்து டிஸ்க் அதற்குத்தான்.

நம்மிடமும் 1963-இலேயே வேற்றுக்கிரகத்து ஆள் வந்திறங்கிய படம் இருக்கிறது, எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி'. தங்கள் உலகத்துக்குச் சங்கீதம் வேண்டும் என்று பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இந்த யோசனை நம் ஊரில்தான் வரும். அதே பஜாரில் அதன் விசிடியை வாங்கினேன். எம்.ஜி.ஆர். நெற்றியில் கம்பெனி முத்திரை, காலடியில் ஓடும் போன் நம்பர், பாட்டு நடுவில் ஒரு தாவல். எவ்வளவு வெட்டினார்கள் என்று பார்க்க, ஒப்பிட என்னிடம் இன்னொரு பிரதி இல்லை.

'கர்ண'னை மெருகேற்றி 2012-இல் திரையிட்டபோது கூட்டம் வரத்தானே செய்தது? 'கலை அரசி'யின் முழுப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று உங்கள் இதழ் விசாரித்து எழுதுமா? சூட்கேஸ் வேண்டாம். ஒரு டிஸ்க் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழங்காநத்தம், மதுரை.