எங்கள் பூக்காசைக் கொடுங்கள்: கிருஷ்ணகிரி தொகுதித் தேர்தல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஏப்ரல் 19 அன்று கர்நாடக எல்லையை ஒட்டிய தளிப் பக்கத்தில் நாங்களும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாகிவிட்டது. வாக்குச்சாவடி ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். நான் எழுதுவது எல்லைச் சாலையில் நடப்பதைப் பற்றி.

தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. ஆனால் எல்லை மாவட்டங்களில் மட்டும் வண்டிகளை நிறுத்திப் பணம் தேடும் சோதனை தொடரும் என்கிறீர்கள். பெங்களூரில் 26-ஆம் தேதி ஓட்டு, வட கர்நாடகத்தில் மே 7, ஆந்திராவில் மே 13. பக்கத்து வீட்டுக் கல்யாணம் முடியும்வரை எங்கள் வாசலில் காவல். சரி, சட்டம் அப்படியென்றால் இருக்கட்டும். ஓட்டுக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்று எங்களுக்கும் தெரியும், சோதனையே வேண்டாம் என்று கேட்கவில்லை.

எங்கள் ஊரில் பூ விற்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். தனியாக வண்டி வைக்க யாருக்கும் கட்டாது. ஐந்தாறு பேருடைய ரோஜா, சாமந்தி மூட்டைகள் ஒரே டெம்போவில் விடியும் முன்னே பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போகும். திரும்பும்போது எல்லார் காசையும் ஒருவரே கொண்டுவருவார். கூடவே ஆளுக்கொரு மண்டிச் சீட்டு: எடை, விலை, கமிஷன், கூலி, மிச்சம். எல்லாம் கன்னடத்தில்.

உகாதிக்கு முந்தின நாள் அந்தக் காசு ஒரு சோதனைச் சாவடியில் பிடிபட்டது. மொத்தம், ஆவணம் கேட்கும் வரம்பான ஐம்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. ஆளுக்குப் பிரித்தால் ஒருவருக்கும் பதினைந்தாயிரம் வராது. டிரைவர் சீட்டுகளை நீட்டினார். வேறு பக்கத்திலிருந்து பணிக்கு வந்திருந்தவர்களுக்குக் கன்னடம் படிக்கத் தெரியவில்லை. டிரைவருக்குத் தெலுங்கும் கன்னடமும் பேச வரும், தமிழில் விளக்கத் திணறினார். திணறினால் சந்தேகம்தானே! பணம் கருவூலத்துக்குப் போய்விட்டது.

அந்தப் பணக்கட்டில் கணவனை இழந்த ஒரு அம்மாவின் காசும் இருந்தது. அரை ஏக்கர் சாமந்தி. பண்டிகை விலைக்காகவே செடியைக் காத்துவைத்திருந்தவர். பூப் பறித்தவர்களுக்குக் கூலி கொடுக்கக் கம்மலை அடகு வைத்தார். வீட்டில் தெலுங்கு மட்டுமே பேசுகிறவர் என்பதால், பணத்தை எடுத்ததற்குச் சாவடியில் கொடுத்த தமிழ்க் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். "நான் ஓட்டுக்கு யாரிடமும் வாங்கவில்லையே, என் காசை ஏன் எடுத்தார்கள்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

மேல்முறையீட்டுக்கு மாவட்டக் குழு இருக்கிறது, வழக்கு இல்லாத பணத்தை விடுவிக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் நிலுவையில் வைக்கக் கூடாது என்றும் உங்கள் விதியே சொல்கிறது. ஆனால் அதற்கு ஓசூரில் பஸ் மாறிக் கிருஷ்ணகிரிக்குப் போகவேண்டும். அங்கே ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் அதே கன்னடச் சீட்டுதான்!

எங்கள் கோரிக்கை இதுதான். மண்டிச் சீட்டு எந்த மொழியில் இருந்தாலும் அதை ஆவணமாக ஏற்றுக்கொள்ளுங்கள். கன்னடமும் தெலுங்கும் படிக்கத் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு எல்லைச் சாவடியிலும் உட்காரவையுங்கள். இது முடியாத காரியமா? ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள் ஓசூரில் தெலுங்கும் தளியில் கன்னடமும் ஊத்தங்கரையில் தமிழும் சரளமாகப் பேசிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டாரா?

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. ஒரு வேட்பாளர் சட்டப்படியே 95 லட்சம் செலவு செய்யலாம். அதற்கு மேல் செலவானதை ஊரே பார்த்தது. அதெல்லாம் எந்தச் சாவடியைத் தாண்டி வந்ததோ. கர்நாடகத்திலிருந்து தென்பெண்ணை ஆற்றில் கழிவுநீர் நுரை பொங்கிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது, அதை நிறுத்தி "ஆவணம் எங்கே?" என்று கேட்ட பறக்கும் படையை நான் இன்னும் பார்க்கவில்லை. பூக்காரன் டெம்போ மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

மன்னிக்க வேண்டும், நுரை உங்கள் பொறுப்பில் வராது என்று தெரியும். உங்கள் பொறுப்பில் இருப்பதையே கேட்கிறேன். வாக்கு எண்ணிக்கை ஜூன் 4-இல்தான். அதற்குள் மாங்காய் அறுப்பும் தொடங்கிவிடும், தக்காளியும் பூவும் தினமும் எல்லை தாண்டிப் போய்வரும். ஆகவே மண்டிச் சீட்டை ஆவணமாக ஏற்கச் சொல்லி எல்லைச் சாவடிகளுக்கு இந்த வாரமே எழுத்தில் உத்தரவு அனுப்புங்கள். பிடித்துவைத்த பணத்துக்கான விசாரணையை ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒருநாள் வைத்து முடித்துக் கொடுங்கள். சீட்டுகளோடு நாங்கள் வந்துவிடுகிறோம், படித்துச் சொல்ல ஆளையும் நாங்களே கூட்டிவருகிறோம்.

இப்படிக்கு,
தளிப் பக்கத்துப் பூ விவசாயி ஒருவன்